கொழுப்பு பேசாத நாற்பது நாள்

கடிதத்தைக் கொண்டுவந்த காளிதாஸ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை. அப்படி வருகிற ஆள் நல்ல சேதி கொண்டுவருவதில்லை என்று செல்வராணிக்குத் தெரியும். சாணி அள்ளிய கையைக் கழுவி, கைலியில் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் வாங்கினாள்.

"படிச்சிட்டு கோவப்படாத," என்றார் காளிதாஸ்.

கோபப்படாதே என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு முதலில் கோபம் வரும். கடிதம் மலாயில் இருந்தது. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து. வளர்ப்புத் திட்டத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த ஐந்து மாடுகளையும் வரும் புதன்கிழமை காலை லோரியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்களாம். சோதனைக்காகக் கொடுத்த விசேஷத் தீவனத்தை அவள் மாடுகளுக்குப் போடவில்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டிவிட்டதாம்.

"மாட்டுக்குப் போடாம யாருக்குப் போட்டேன்? நானா தின்னேன்?"

"வித்துட்டேன்னு நினைக்கிறாங்க லா."

அந்தத் தீவனத்தின் கதை பெக்கோக் ஊரில் மாடு வைத்திருந்த ஒன்பது குடும்பத்துக்கும் தெரியும். செம்பனை எண்ணெயிலிருந்து செய்த வெள்ளைத் தூள். சோப்பு நாற்றம் அடிக்கும். எந்த மாடும் முதல் நாள் வாய் வைக்கவில்லை. செல்வராணி அதைக் கரும்புப் பாகில் குழைத்து, உருண்டை பிடித்து, ஒவ்வொரு மாட்டின் வாயிலும் கையை விட்டு ஊட்டினாள். செவலை மாடு மட்டும் மூன்று நாள் துப்பிக்கொண்டே இருந்தது. நாலாவது நாள் அது விழுங்கியபோது அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்துத்தான் வித்துவிட்டாய் என்று முத்திரை குத்திக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்தபோது அவளுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

"ஒரு வழி இருக்கு," காளிதாஸ் குரலைத் தணித்தார். பால்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எந்த விஷயத்திலும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அது எப்போதும் வளைந்து போகும் வழியாகவே இருக்கும். "தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதி ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா, ரெண்டு மாட்டை விட்டு வைக்கலாம்னு நிலையத்து டாக்டர் ரோஸ்லான் சொன்னாரு."

"செய்யாத தப்புக்கா?"

"உனக்கு மாடு வேணுமா, மானம் வேணுமா?"

"ரெண்டும் வேணும் அண்ணே."

"உனக்குக் கொழுப்பு ராணி. ரொம்பக் கொழுப்பு."

அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் படித்தபோது வாத்தியார் சொன்னார், கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னாள், பால் வாங்கும் நிலையத்தில் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டவனின் சட்டையில் அவள் பாலை ஊற்றியபோது ஊரே சொன்னது. காளிதாஸ் போன பிறகு கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு மாடு. ஐந்து போனால் மிஞ்சுவது பல் விழுந்த இரண்டு கிழடுகள். சிங்கப்பூரில் கொள்கலன் லோரி ஓட்டும் புருஷன் வீரமுத்துவுக்குப் போன் போட்டாள். அவன் எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் வாடகை அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு வருகிறவன். "சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விடேன்," என்றான். "சாரி," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

*

மறுநாள் காலைக் கறவையை முடித்துக்கொண்டு, கஞ்சில் என்ற தன் பழைய குட்டிக் காரில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கடிதத்தில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருந்த லக்ஷ்மிப்ரியாவைப் பார்க்க வேண்டும் என்றாள். மார்ச் மாதம் எல்லாக் கொட்டகைக்கும் வந்து இரத்தம் எடுத்த பெண் அவள்தான். ஜொகூர் பாருவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் செட்டியார் வீட்டுப் பெண். வெள்ளைக் கோட்டும், யோசித்து யோசித்துப் பேசும் தமிழும். செல்வராணியைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஆனால் முகத்தை முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, இது என்னோட முடிவு இல்ல. ரிசல்ட் அப்படி வந்திருக்கு."

"ரிசல்ட்டு என் மாட்டைப் பத்தி என்ன சொல்லுது மிஸ்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு."

லக்ஷ்மிப்ரியா ஒரு பெருமூச்சு விட்டாள். கணினித் திரையைத் திருப்பி வைத்தாள். "மாட்டு உடம்புல இருக்கிற கொழுப்பு சும்மா சேர்ந்து கிடக்கிற பொருள் இல்ல ஆன்ட்டி. அதுவும் பேசும்."

"கொழுப்பு பேசுமா?"

"லெப்டின்னு ஒரு ஹார்மோன். கொழுப்பு செல்லுங்கதான் அதைச் செய்யும், இரத்தத்துல விடும். வீட்டுல அரிசி இருக்கு, பயப்படாதன்னு மூளைக்குத் தகவல் அனுப்புற மாதிரி. மாடு நல்லா சாப்பிட்டா இன்சுலின் ஏறும். இன்சுலின் போய்க் கொழுப்பைப் பேசச் சொல்லும். லெப்டின் ஏறும். பட்டினி கிடந்தா இன்சுலின் இறங்கிடும், கொழுப்பும் வாயை மூடிக்கும்." திரையில் விரல் வைத்தாள். "இது மத்தவங்க மாடு. ஆறு, ஆறரை, ஏழு. இது உங்க மாடு. அஞ்சுல கன்று போட்டிருந்த நாலு. ரெண்டு, ஒன்றரை, ரெண்டு, ரெண்டு."

"அதனால என் மாடு பட்டினி."

"நம்பர் அதைத்தான் சொல்லுது."

ஊரில் அவளுக்குத்தான் கொழுப்பு பேசுகிறது என்பார்கள். இங்கே அவள் மாட்டுக்குக் கொழுப்பு பேசவில்லை என்று மாட்டையே பிடித்துக்கொண்டு போகிறார்கள். வேறு நாளாக இருந்தால் செல்வராணி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. அவள் படித்த படிப்புக்கு அந்த எண்கள் புரியாது. ஆனால் கன்று போட்ட மாட்டின் முதுகைத் தினமும் தடவிப் பார்க்கிற கை அவளுடையது.

"மிஸ், ஒண்ணு கேக்குறேன். கன்னு போட்ட புதுசுல எவ்வளவு கொட்டினாலும் மாடு இளைக்கத்தானே செய்யும்? தின்னதெல்லாம் மடிக்குப் போவும். பத்தாதுக்குத் தன் முதுகையும் கரைச்சுப் பால் விடும். அப்போ அந்தக் கொழுப்பு எப்படிப் பேசும்?"

லக்ஷ்மிப்ரியா சற்றுத் தடுமாறினாள். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. கன்று போட்டதும் வளர்ச்சி ஹார்மோன் ஏறும், இன்சுலின் இறங்கும், லெப்டின் நல்லாவே குறையும். பல வாரத்துக்கு அப்படியே இருக்கும். ஆனா நாங்க இரத்தம் எடுத்த எல்லா மாடுமே கன்று போட்டு மூணு வாரம் ஆன மாடுதான். உங்களுது தவிர எல்லாத்துலயும் லெப்டின் மேல நிக்குது. அதாவது இந்தத் தீவனம் அந்த நேரத்துலயும் வேலை செய்யுது. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். கூச்சிங்ல நடக்கிற விஞ்ஞான மாநாட்டுக்கு எழுதி அனுப்பிட்டார்."

"எல்லா மாடும் மூணு வாரமா? காளிதாஸ் அண்ணன் மாடுமா?"

"போட்டோவே இருக்கு ஆன்ட்டி. மாடும் கன்றுமா எடுத்திருக்கேன்."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். காதில் மஞ்சள் வில்லை மாட்டிய மாடு, பக்கத்தில் ஒரு கன்று. அடுத்த வீட்டு மாடு, பக்கத்தில் ஒரு கன்று. மூன்றாவது படத்தில் செல்வராணி முன்னால் குனிந்தாள். கன்றின் நெற்றியில் மாங்காய் வடிவத்தில் வெள்ளைச் சுட்டி. நாலாவது படத்திலும் அதே மாங்காய். ஆறாவதிலும் அதே மாங்காய். மொத்தம் ஆறு வீட்டுப் படத்தில் அதே கன்று, மிச்ச இரண்டு வீட்டில் வேறொரு இரவல் கன்று. மாங்காய்ச் சுட்டி அங்கம்மா அக்கா வீட்டுக் கன்று. ஒரே கன்றை ஆறு கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய் ஆறு தாய்க்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள் கடன்காரப் பாவிகள்! பட்டணத்துப் பெண்ணுக்குக் கன்றுக்குக் கன்று வித்தியாசம் தெரியவில்லை. மாடுகளின் காது வில்லையை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

ஒரு முறை வாய் திறந்தால் போதும், ஐந்து மாடும் கொட்டகையில் நிற்கும். செல்வராணி வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். அந்த எட்டுக் கொட்டகையிலும் இருப்பவர்கள் அவளோடு சேர்ந்து புல் அறுத்தவர்கள். முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"புதன்கிழமை நீங்களும் வருவீங்களா மிஸ்?"

"வரணும்."

"அந்தப் படத்தையெல்லாம் கையோட கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

*

சாயங்காலம் நாலு மணிக்குப் பால் ஊற்றும் நிலையத்தில் எல்லாரும் இருந்தார்கள். செல்வராணி தன் பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனை நடுவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தாள் என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். வாசல் பக்கம் நகர்ந்த இருவரையும் கண்ணாலேயே நிறுத்தினாள்.

"மாங்காச் சுட்டிக் கன்னுக்கு எத்தனை அம்மா?"

அங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல அத்தனை பேரும் சினை மாட்டையும் பழைய கறவையையும் கொண்டுபோய்க் கட்டி, மூணு வாரம் முன்னதான் கன்னு போட்டுச்சுன்னு சொல்லியிருக்கீங்க. நான் ஒருத்தி மட்டும் கேட்ட மாட்டைக் காட்டினேன். இப்ப நான் திருடி. ஏன் அண்ணே?"

காளிதாஸ் இந்த முறை வளையவில்லை. நேராகவே சொன்னார். "பச்சை உடம்பு ராணி. நாப்பது நாள் ஆவாத மாட்டை எவனாச்சும் ஊருக்குக் காட்டுவானா? கழுத்துல ஊசியைக் குத்தி இரத்தம் எடுக்க விடுவானா? எட்டு வருசத்துக்கு முன்ன என் கறுப்பி கன்னு போட்ட அஞ்சாம் நாள் ஒருத்தன் வந்து ஊசி போட்டான். எட்டாம் நாள் குழி வெட்டினேன். நீ பாத்தேல்ல?"

பார்த்திருந்தாள். அந்தக் குழிக்கு அவளும் மண் தள்ளினாள். கறுப்பி செத்தது ஊசியாலா, மடிக்காய்ச்சலாலா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காளிதாஸ் அன்று குழந்தை மாதிரி அழுதது எல்லாருக்கும் தெரியும். அவளும் அந்த வழக்கத்துக்கு வெளியே பிறந்தவளில்லை. பெற்றவளுக்கு நாற்பது நாள் காற்றுகூடப் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்ந்த ஊர் அது. இரத்தம் எடுக்க வந்த அன்று நாலு மாட்டுக்கும் நெற்றியில் கரிப்பொட்டு வைத்து, முருகா என்று சொல்லித்தான் கயிற்றைப் பிடித்தாள். பயந்துகொண்டேதான் பிடித்தாள்.

"சரி. பச்சை உடம்பை மறைச்சீங்க. நான் குத்தம் சொல்லல," என்றாள். "மறைக்கிறோம், தர மாட்டோம்னு சொல்லியிருக்கலாமே? வேற மாட்டை ஏன் காட்டினீங்க?"

"மாட்டேன்னா திட்டத்துலேருந்து பேரை வெட்டிடுவாங்க."

"அதுக்கு இப்ப என் பேரை வெட்டுறாங்க. புதன்கிழமை லோரி வரும். அதுக்கு முன்ன நீங்களா போய் உண்மையைச் சொல்லுங்க. சொல்லலன்னா நான் சொல்வேன்."

"சொன்னா எங்க மாடெல்லாம் போயிடும்! ஒருத்திக்காக ஊரே அழியணுமா?" காளிதாஸின் குரல் ஏறியது. "என்ன கொழுப்பு இருந்தா இப்படிக் கேப்ப!"

"இருக்கு அண்ணே. நிறைய இருக்கு. எடுத்துக்கிறீங்களா?" கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கோபம் பாதி, மீதி என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் போய்ச் சொல்வார்கள் என்று மனதின் ஒரு மூலையில் நம்பினாள். திங்கள் போனது, செவ்வாய் போனது. யாரும் போகவில்லை.

*

புதன்கிழமை எட்டரை மணிக்கு லோரி வந்தது. இரண்டு ஆட்கள் இறங்கி, பின்பக்கப் பலகையைச் சரித்து மாடு ஏறுவதற்குத் தோதாக வைத்தார்கள். பின்னாலேயே காரில் டாக்டர் ரோஸ்லானும் லக்ஷ்மிப்ரியாவும். வேடிக்கை பார்க்கச் சங்கமே வந்து வாய்க்கால் ஓரம் நின்றது. செல்வராணி கொட்டகையிலிருந்து வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக நடந்து, சரித்து வைத்த பலகையின் நட்ட நடுவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் கெட்டவரில்லை, அவசரக்காரர். "அக்கா, எழுந்திருங்க," என்று மலாயில் சொன்னார். "இது என் வேலை. தேவையில்லாம போலீசைக் கூப்பிட வைக்காதீங்க."

"கூப்பிடுங்க துவான்," என்று அவளும் மலாயிலேயே சொன்னாள். "அவங்க வர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒரே ஒரு மாட்டைப் பாருங்க. பார்த்த பிறகும் நான் திருடின்னு தோணினா, நானே கயிறு பிடிச்சு ஏத்தி விடுறேன்."

"எந்த மாடு?"

செல்வராணி வாய்க்கால் பக்கம் திரும்பினாள். கடைசியாக ஒரு முறை காத்திருந்தாள். காளிதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானூத்திப் பதினேழு," என்றாள்.

லக்ஷ்மிப்ரியா கையிலிருந்த பலகைக் கணினியில் தேடினாள். "மார்ச் பன்னிரண்டு. கன்று போட்டு இருபதாம் நாள். லெப்டின் ஆறரை. காளிதாஸ் அங்கிளோட மாடு."

"அதைக் கொண்டாரச் சொல்லுங்க."

காளிதாஸ் அசையவில்லை. அவர் கொட்டகை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்தான். செல்வராணி எழுந்துபோய் அவிழ்க்கலாம். ஆனால் அவள் எழுந்த நிமிடம் அவள் மாடுகள் மேலே ஏறிவிடும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். லோரி ஆள் ஒருவன் சிகரெட் பற்ற வைத்தான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவரும் நகராவிட்டால் என்ன செய்வது என்று செல்வராணி யோசித்து வைத்திருக்கவில்லை.

நகர்ந்தது அங்கம்மா. அறுபது வயதுக் கட்டை உடம்பைத் தூக்கிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, காளிதாஸ் கொட்டகைக்குள் போனாள். "அக்கா!" என்று காளிதாஸ் அதட்டினார். அவள் திரும்பவில்லை.

மாடு ஆடி அசைந்து வந்தது. காதில் நானூற்றுப் பதினேழு. வயிறு இரண்டு பக்கமும் சரிந்து, மடி தளதளவென்று இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மாட்டின் சினையைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. ஆனாலும் டாக்டர் கிட்டே போய் மடியைத் தொட்டுப் பார்த்தார், வால் கீழே பார்த்தார், நிமிர்ந்து லக்ஷ்மிப்ரியாவைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல கன்று போடும்," என்றார்.

"இப்ப ஜூலை," லக்ஷ்மிப்ரியாவின் குரல் இறங்கியது. "மார்ச்ல இதுக்கு அஞ்சு மாசச் சினை. அப்போ நான் எடுத்தது..."

"சினை மாட்டு இரத்தம். நல்லா தின்னுட்டு, பாலும் கொஞ்சமா குடுத்துட்டு, சுகமா நின்ன மாட்டு இரத்தம்," என்றாள் செல்வராணி. "அதோட கொழுப்பு பேசாம என்ன செய்யும்? நீங்க எடுத்த படத்துல கன்னைப் பாருங்க மிஸ். நெத்தியைப் பாருங்க."

லக்ஷ்மிப்ரியா பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் காது நுனி சிவந்தது. டாக்டரும் குனிந்து பார்த்தார். "அலமாக்," என்றார், ஐயோ என்பதை மலாயில், மிக மெதுவாக.

"எத்தனை மாடு இப்படி?" அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"என்னோட ரெண்டும்," என்றாள் அங்கம்மா. பிறகு ஒருவர், அப்புறம் இன்னொருவர். கடைசியில் காளிதாஸ் தலையை ஆட்டினார். பச்சை உடம்பு என்பதை மலாயில் சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கையைக் காட்டி, கழுத்தைக் காட்டி, கறுப்பியைப் புதைத்த மேட்டைக் காட்டினார். லக்ஷ்மிப்ரியாதான் அதை எடுத்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இவங்க மாடு நாலு மட்டும்தான் உண்மை டாக்டர்," என்றாள். "புத்தகத்துல இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. நாமதான் நம்பல."

கூச்சிங் மாநாடு டாக்டர் ரோஸ்லான் முகத்திலிருந்து இறங்கிப் போவதைச் செல்வராணியால் பார்க்க முடிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்திருக்கும் அளவுக்குப் பாவமாக இல்லை.

"சரி, மாடு இங்கேயே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் இல்ல, இப்ப. திருடின்னு சொன்னது கடிதத்துல. இல்லைன்னு சொல்றதும் கடிதத்துலதான் வரணும்."

"ஆபீஸ் போய் அனுப்புறேன்."

"நான் இங்கேயே உக்காந்திருக்கேன் துவான். லோரிக்கு அவசரம் இல்லன்னா எனக்கும் இல்ல."

காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து லக்ஷ்மிப்ரியா எழுதினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். செல்வராணி வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நடுவில் நின்றாள். "எங்கள் முடிவு முங்கின் தவறு. இது என்ன முங்கின்? ஒருவேளை தவறா? நான் ஒருவேளை ஊட்டினேனா? இதை அடிங்க."

லக்ஷ்மிப்ரியா டாக்டரைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். முங்கின் அடிபட்டது, பக்கத்திலேயே டாக்டர் சுருக்கக் கையெழுத்தும் போட்டார்.

"இப்ப தமிழ்ல சத்தமா படிங்க மிஸ். கடிதம் கொண்டுவந்தவங்களுக்கும் கேக்கட்டும்."

லக்ஷ்மிப்ரியா படித்தாள். செல்வராணி தன்னிடம் கொடுக்கப்பட்ட தீவனம் முழுவதையும் மாடுகளுக்கே கொடுத்தார். மாடுகள் கன்று ஈன்று மூன்று வாரமே ஆனதால் லெப்டின் குறைந்திருந்தது. எங்கள் முடிவு தவறு. அந்தக் குரல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது. செல்வராணிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்காமல் அப்படியே விட்டாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

"பொய்த் தகவல் கொடுத்தவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்," என்று டாக்டர் மெல்ல ஆரம்பித்தார். "எட்டுக் குடும்பம். விதி அப்படி."

காளிதாஸ் வெளிறிப் போனார். எல்லாரும் செல்வராணியைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எழுந்துவிட்டவள் மறுபடியும் பலகையில் உட்கார்ந்தாள்.

"அவங்க பொய் சொன்னது தப்புத்தான். அதை நான் பாத்துக்கிறேன். ஆனா கன்னு போட்ட மாடுதான் வேணும்னு கேட்டீங்களே, குடுக்க இஷ்டமா, பயமான்னு யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சா?" அவள் குரல் உயரவில்லை. "இவங்க யார் வீட்டுக்கு லோரி வந்தாலும் இந்தப் பலகையில நான்தான் உக்காந்திருப்பேன். காளிதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தா இன்னும் முன்னாடியே வந்து உக்காருவேன்."

காளிதாஸ் ஏதோ சொல்ல வந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் காரில் ஏறுவதற்கு முன் ஒரு முறை நின்று, "அடுத்த தடவை கேட்டுட்டு வரோம்," என்றார். அது மன்னிப்பா, சமாளிப்பா என்று செல்வராணி ஆராயவில்லை. எழுந்தாள், கைலியைத் தட்டிவிட்டாள், லோரிக்கு வழி விட்டாள்.

வந்த ஆட்கள் பலகையைத் தூக்கி மாட்டினார்கள். கொக்கி சரியாக விழவில்லை. செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் குழிக்குக் குழி அந்தப் பலகை டமார் டமார் என்று அடித்துக்கொண்டே போனது. உள்ளே ஒரு மாடு இருந்தாலும் அப்படிச் சத்தம் வராது. பெரிய ரோட்டில் திரும்பி அது ஓயும்வரை செல்வராணி நின்று கேட்டாள்.